நேர்முகத் தேர்வில் அவமதிப்பு: அஷ்டவக்கிரனிடம் ஒரு பாடம்

போன மாத ஞாயிறு வகுப்பில் இந்தத் தலைப்பைப் பேசினேன். நேரம் போதவில்லை. வகுப்புக்கு வருபவர்களில் பாதிப் பேர் வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருப்பவர்கள் என்பதால், பேசியதை எழுதிக் கொடு தம்பி என்றார் பொறுப்பாளர் அண்ணன். எழுத உட்கார்ந்தபோதுதான் வகுப்பில் ஒரு விஷயத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டேன் என்பது உறைத்தது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் மின்னியல் பொறியியல் இறுதியாண்டு மாணவன். ஆனால் வேலை பார்க்க ஆசைப்படுவது நிதித்துறையில். இது ஒன்றும் அதிசயமில்லை. மேபேங்கின் ‘குளோபல் மேபேங்க் அப்ரெண்டிஸ்’, சிஐஎம்பியின் ‘தி கம்ப்ளீட் பேங்கர்’ போன்ற பட்டதாரிப் பயிற்சித் திட்டங்கள் எந்தத் துறை படித்தவரையும் எடுத்துக்கொள்கின்றன. நம்மில் பல பேருக்கு இது தெரியாமல், “நான் அக்கவுண்டிங் படிக்கலையே” என்று ஒதுங்கிவிடுகிறோம்.

2025 ஆகஸ்டில் கோலாலம்பூர் நகர மையத்தில் ஒரு முதலீட்டு நிறுவனத்தில் பயிற்சி மாணவனாகச் சேர இன்டர்வியூ. பெயர் வேண்டாம். அறையில் இரண்டு பேர். ஒருவர் நல்ல மாதிரி. மற்றவர் நான் உள்ளே போய், வணக்கம் சொல்லி, உட்கார்ந்து, என்னை அறிமுகப்படுத்தி முடிக்கும்வரை கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தூக்கியதும் கேட்ட முதல் கேள்வி: “பொறியியலில் வேலை கிடைக்காது என்று இங்கே வந்தாயா?” அடுத்தது என் சி.ஜி.பி.ஏ. மூன்று புள்ளி ஒன்றைச் சத்தமாக வாசித்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். அதற்குப் பிறகு இரண்டு மூன்று கேள்விகள். கடைசியில், “யூடியூப் பார்த்துவிட்டு வந்தாயா?” என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. “சார், ஒருவர் பேசும்போது கைப்பேசியைக் கீழே வைப்பதுதான் மரியாதை என்று எங்கள் வீட்டில் சொல்லிக் கொடுத்தார்கள்” என்றேன். இரண்டு நிமிஷத்தில் இன்டர்வியூ முடிந்துவிட்டது.

மஸ்ஜித் ஜமேக் நிலையத்துக்கு நடந்து வரும்போது தலை நிமிர்ந்துதான் வந்தேன். நண்பர்களிடம் சொன்னேன், எல்லாரும் “சூப்பர் மச்சி” என்றார்கள். வகுப்பில் நீங்கள் கைதட்டியதும் இந்த இடத்தில்தான்.

நான் விட்டுவிட்டது அந்த இரண்டு மூன்று கேள்விகளை. “இப்போது ஓ.பி.ஆர். எவ்வளவு?” என்று கேட்டார். ஓ.பி.ஆர். என்பது பேங்க் நெகாரா நிர்ணயிக்கும் அடிப்படை வட்டி விகிதம். நம் வீட்டுக் கடன் தவணை முதல் வங்கிச் சேமிப்பு வட்டிவரை அதைப் பார்த்துத்தான் அசையும். நான் 3 விழுக்காடு என்றேன். 2023 மே முதல் அது 3-ஆகத்தான் இருந்தது. ஆனால் 2025 ஜூலை 9-ஆம் தேதி 2.75-ஆகக் குறைத்துவிட்டார்கள். நான் போனது அதற்கு அடுத்த மாதம். “சரி, வட்டி குறைந்தால் ஏற்கனவே இருக்கும் பாண்டின் விலை ஏறுமா இறங்குமா?” என்று கேட்டார். இறங்கும் என்றேன். அதற்குப் பிறகுதான் அந்த யூடியூப் வசனம் வந்தது.

அதாவது அந்த மனிதர் மரியாதை தெரியாதவர், நான் பதில் தெரியாதவன். இரண்டும் உண்மை. நான் முதலாவதை மட்டும் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதை எனக்குப் புரிய வைத்தது ஒரு சேலைக்கடை. தீபாவளி அக்டோபர் 20 என்பதால் செப்டம்பரிலிருந்தே ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் ஆள் தேவைப்பட்டது. சனி ஞாயிறுகளில் ஒரு கடையில் நின்றேன். அந்த வீதியில் சீசனுக்கு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், காலை பத்து மணிக்குச் சிரித்துக்கொண்டு வருகிற வாடிக்கையாளர் மாலை ஏழு மணிக்கு வேறு ஆளாக இருப்பார். எங்கள் கடையில் மூத்த அண்ணன் ஒருவர், இருபது வருஷத்துக்கு மேலாக அங்கே சேலை விரிப்பவர். ஒரு நாள் ஒரு அம்மா, விரித்துப் போட்ட சேலையைச் சுருட்டி அவர் பக்கம் தள்ளி, “இதுக்கு நானூறு வெள்ளியா? கண்ணு தெரியுதா இல்லையா உனக்கு?” என்றார். அண்ணனைவிட அந்த அம்மாவுக்கு வயது குறைவாகத்தான் இருக்கும். அண்ணன் சேலையை எடுத்தார், ஜரிகையைத் தடவினார், விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தார். “ஆமாம்மா, இந்த ஓரத்துல இழை பிரிஞ்சிருக்கு. இத ஒதுக்கி வச்சிடுறேன். அதே நிறத்துல வேற காட்டுறேன், பாருங்க” என்றார். அந்த அம்மா இரண்டு சேலை வாங்கிக்கொண்டு போனார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “எப்படிண்ணே சும்மா இருந்தீங்க?”

“சும்மா எங்கடா இருந்தேன்? இழை பிரிஞ்சிருந்தது உண்மைதானே. திட்டுறதுல பாதி சேலையப் பத்தி இருக்கும், பாதி அவங்க வீட்டப் பத்தி இருக்கும். சேலையப் பத்திச் சொன்னத மட்டும் கையில எடுத்துக்க. மத்தது அவங்க கொண்டு வந்தது, அவங்களே கொண்டுபோயிடுவாங்க.”

அன்று தே தாரிக் குடிக்கும்போது என் ஆகஸ்டு கதையை அவரிடமும் பெருமையாகச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: “அந்த பாண்டு கேள்விக்கு இப்ப பதில் தெரியுமா?”

தெரியாது. இரண்டு மாதம் ஆகியும் நான் தேடிப் பார்க்கவில்லை. கோபம் எனக்கு அவ்வளவு வசதியாக இருந்திருக்கிறது.

பதில் இதுதான், இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்களிடம் 1,000 ரிங்கிட் பாண்டு ஒன்று இருக்கிறது, வருஷத்துக்கு 4 விழுக்காடு, இன்னும் ஒரு வருஷத்தில் முடிகிறது. முடியும்போது 1,040 ரிங்கிட் கைக்கு வரும். இப்போது சந்தையில் வட்டி 3 விழுக்காடாக இறங்கிவிட்டது என்று வையுங்கள். புதிதாக 1,000 போடுகிறவருக்கு 1,030-தான் வரும். அப்படியானால் 1,040 தரப்போகும் உங்கள் பாண்டை அவர் 1,000-க்கு மேல் கொடுத்து வாங்கத் தயாராக இருப்பார். 1,040-ஐ 1.03-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1,009 ரிங்கிட் 70 சென். வட்டி 5-ஆக ஏறியிருந்தால் 990 ரிங்கிட் 50 சென்னுக்குப் பக்கத்தில் விழும். வட்டி இறங்கினால் விலை ஏறும், வட்டி ஏறினால் விலை இறங்கும். பொறியியல் மாணவனுக்கு இது கால் மணி நேர வேலை. அந்தக் கால் மணி நேரத்தைச் செலவழிக்காமல் கோட்டும் டையும் கட்டிக்கொண்டு போனேன்.

இனி அஷ்டவக்கிரன். நம் வகுப்புகளில் இவன் கதையை ஒரு மாதிரிதான் சொல்வோம். எட்டுக் கோணலான உடம்போடு ஜனகர் சபைக்குள் நுழைகிறான், பண்டிதர்கள் சிரிக்கிறார்கள், அவனும் திருப்பிச் சிரித்து ஒரே வரியில் அவர்கள் வாயை அடைக்கிறான். எல்லாருக்கும் பிடித்த கட்டம். நான் கைப்பேசி வசனம் பேசியபோது என் மனதுக்குள் ஓடியதும் இந்தப் படம்தான் என்று நினைக்கிறேன்.

மகாபாரதத்தின் வன பர்வத்தில் இருக்கும் கதையைப் பொறுமையாகப் படித்தால் எடை வேறு இடத்தில் விழுகிறது. அவன் அங்கே போனது பெயர் வாங்க அல்ல. அவன் தந்தை ககோடர், ஜனகர் சபையில் வந்தி என்ற வாதியிடம் தோற்று, தோற்றவர்களுக்கு விதித்த தண்டனைப்படி நீரில் மூழ்கடிக்கப்பட்டவர். இது பையனுக்குப் பன்னிரண்டு வயதில்தான் தெரியவருகிறது. தந்தைக்காகப் போகிறான். வாசலிலேயே காவலன் மறிக்கிறான்: உள்ளே போவது கற்ற பெரியவர்கள், நீ சின்னப் பையன். நரைத்த தலை மட்டும் பெரியவனாக்கிவிடாது என்று பையன் வாதாடுகிறான். உறைப்பாகத்தான் பேசுகிறான், ஆனால் காவலனை ஜெயிப்பதோடு அவன் திருப்தியடைந்து வீட்டுக்குத் திரும்பவில்லை. பிறகு ஜனகரே புதிர் போட்டுப் பார்க்கிறார். கண் மூடாமல் உறங்குவது எது? மீன். பிறந்தும் அசையாதது எது? முட்டை. இதயமில்லாதது? கல். தன் வேகத்தாலேயே பெருகுவது? ஆறு. அரசன் தன்னைச் சோதிக்கிறானே என்று அவன் முகம் சுளிக்கவில்லை. கேட்டதற்கு விடை சொல்கிறான், உள்ளே விடுகிறார்கள்.

வந்தியோடு நடந்த வாதம் முழுக்க எண்கள். ஒன்று என்றால் உலகில் ஒன்றாக இருப்பவை எவை, இரண்டு என்றால் எவை என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டே போகிறார்கள். பதின்மூன்றில் வந்தி பாதிச் செய்யுளோடு நின்றுவிடுகிறார். மீதியைச் சொல்லி முடிப்பவன் பையன். தந்தை திரும்பி வருகிறார். எனக்கு இதில் பிடித்தது அந்தப் பாதிச் செய்யுள்தான். அவ்வளவு பேரை மூழ்கடித்த ஆள் நின்றுபோனது யாரோ கிண்டல் செய்ததால் அல்ல, பதின்மூன்றாவது எண்ணுக்கு மேல் கையில் சரக்கு இல்லாததால். எதிரில் நிற்பவனுக்கு இருந்தது.

நான் அந்த அறைக்குள் எதற்காகப் போனேன் என்பதைப் பத்து நிமிஷத்தில் மறந்துவிட்டேன். வேலைக்காகப் போனவன் காவலனோடு சண்டை போட்டுவிட்டு வந்தேன்.

சரி, நிதித்துறையில் மட்டும் ஏன் இப்படி முரட்டுத்தனம் அதிகம்? கொஞ்சம் நியாயம் இருக்கிறது, கொஞ்சம் வெறும் பழக்கம். நியாயம் என்னவென்றால், மற்றவர் பணத்தைக் கையாளுகிற வேலை இது. கோலாலம்பூர் பங்குச் சந்தைக் குறியீடு 1997 பிப்ரவரியில் 1,270 புள்ளிகளுக்கு மேல் இருந்தது. 1998 செப்டம்பர் 1-ஆம் தேதி 262.70-இல் முடிந்தது. மறுநாள்தான் ரிங்கிட்டை ஒரு டாலருக்கு 3.80 என்று கட்டிப்போட்டார்கள். அந்தப் பதினெட்டு மாதங்களில் ஒரு பங்குத் தரகர் மேசையில் தொலைபேசி எடுத்தவர் என்னென்ன கேட்டிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். ஓய்வுக்காலப் பணம் போனவன் நாகரிகமாகப் பேச மாட்டான். அந்த நேரத்தில் இவன் உடைவானா, பொய் சொல்வானா, “தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்” என்பானா என்று முன்கூட்டியே பார்க்க நினைப்பது தப்பில்லை. இதற்கு ‘ஸ்ட்ரெஸ் இன்டர்வியூ’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

வெறும் பழக்கம் என்பது நியூயார்க்கில் இருந்து வந்தது. சாலமன் பிரதர்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த மைக்கேல் லூயிஸ், ‘லயர்ஸ் போக்கர்’ என்று 1989-இல் ஒரு புத்தகம் எழுதினார். 1980-களில் மாணவர்களிடையே உலவிய ஒரு கதையை அதில் சொல்கிறார். வந்தவனிடம் ஜன்னலைத் திறக்கச் சொல்வார்களாம். நாற்பத்து மூன்றாவது மாடி, திறக்கவே முடியாத ஜன்னல். பதறிப்போன ஒருவன் நாற்காலியைத் தூக்கி ஜன்னலில் எறிந்தானாம். இதனால் யாருக்கு என்ன திறமை தெரிந்தது என்று எனக்கு விளங்கவில்லை. இதைப் படித்துவிட்டு, தாங்களும் அப்படி இருந்தால்தான் பெரிய நிறுவனம் என்று நினைக்கிற ஆட்கள் இங்கேயும் இருக்கிறார்கள் என்று சந்தேகப்படுகிறேன். முரட்டுத்தனம் எல்லாமே சோதனை என்று நாம் வக்காலத்து வாங்க வேண்டியதில்லை. கட உபநிஷத்தில் நசிகேதன் யமன் வாசலில் மூன்று இரவு சோறு தண்ணி இல்லாமல் காத்திருந்தான். திரும்பி வந்த யமன், விருந்தாளியைக் காக்க வைத்த குற்றத்துக்குத் தானாகவே இரவுக்கு ஒன்றாக மூன்று வரம் கொடுத்தான். நாற்பது நிமிஷம் தாமதமாக வருகிற மேலாளர் ஒரு ‘சாரி’ சொன்னால் குறைந்துபோக மாட்டார்.

நிற்க. சேலையைப் பற்றிய திட்டு எது, மற்றது எது என்று எப்போதும் சுலபமாகப் பிரிக்க முடியாது. “மூன்று புள்ளி ஒன்றுதானா?” என்பது என்னைக் குத்துவதுதான், ஆனால் வேலையோடு சம்பந்தமுள்ள குத்து. அதற்கு நேர்மையான பதில் என்னிடம் இருக்க வேண்டும்: இரண்டாம் ஆண்டில் இரண்டு பாடத்தில் சறுக்கினேன், காரணம் இது, அதற்குப் பிறகு மூன்று பருவங்களின் புள்ளிகள் இவை. மூன்று வாக்கியம், அவ்வளவுதான். “ஏன் பொறியியலை விட்டாய்?” என்பதும் அப்படியே. இதற்குப் பதில் தயார் செய்யாமல் போவது நம் தப்பு.

இன்னொரு வகை இருக்கிறது. நம் வகுப்புத் தோழி ஒருவரை ஒரு இன்டர்வியூவில், “வாடிக்கையாளரைப் பார்க்கப் போகும்போது அந்தப் பொட்டை எடுத்துவிடுவாயா?” என்று கேட்டார்கள். அவர் ஒரு மூச்சு விட்டுவிட்டு, “உடை பற்றி நிறுவனத்துக்கு எழுத்தில் விதி இருக்கிறதா? இருந்தால் படித்துவிட்டுப் பதில் சொல்கிறேன்” என்றார். கேட்டவரிடம் பதில் இல்லை. இன்டர்வியூ தொடர்ந்தது. பிறகு வேலையும் வந்தது, இவர் வேண்டாம் என்று எழுதிவிட்டார். வகுப்பில் இதற்குப் பெரிய சண்டையே நடந்தது. போயிருக்க வேண்டும், உள்ளே இருந்துதான் மாற்ற முடியும் என்றார்கள் சிலர். வீட்டுக்கடன் கட்ட அப்பா ஓவர்டைம் செய்கிற வீட்டில் இந்த முடிவை எடுக்க முடியுமா என்று கேட்டார் இன்னொருவர். என் கருத்து, அவர் செய்தது சரி. ஆனால் பொட்டை எடுத்துவிட்டு வேலைக்குப் போகிற பெண்ணையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

சட்டம் இதில் எவ்வளவு துணைக்கு வரும் என்று பார்த்தேன். அரசியலமைப்பின் 8(2) பிரிவு சமயம், இனம், பிறப்பிடம், பால் ஆகியவற்றால் பாகுபாடு கூடாது என்கிறது, ஆனால் அது அரசாங்கத்தையும் பொது அமைப்புகளையும் கட்டுப்படுத்துவது. தனியார் நிறுவனங்களுக்கு, 2023 ஜனவரி 1-இல் நடப்புக்கு வந்த வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தத்தில் 69எஃப் என்ற பிரிவு வந்தது. பாகுபாடு பற்றிய தகராறைத் தொழிலாளர் இலாகாத் தலைமை இயக்குநர் விசாரிக்கலாம். ஆனால் அது ஊழியருக்கும் முதலாளிக்கும் இடையிலான தகராறு. இன்டர்வியூ நாற்காலியில் இருப்பவர் இன்னும் ஊழியர் ஆகவில்லையே. பாலியல் ரீதியான பேச்சு என்றால் நிலைமை வேறு: 2022-ஆம் ஆண்டின் பாலியல் தொல்லை தடுப்புச் சட்டம் ஊழியர்களுக்கு மட்டும் உரியதல்ல, அதற்கென்றே தீர்ப்பாயம் இருக்கிறது. அந்த மாதிரிப் பேச்சு வந்தால் பொறுமை, சோதனை எதுவும் பார்க்க வேண்டாம். எழுந்து வந்துவிடுங்கள். வெளியே வந்ததும் தேதி, நேரம், சொன்ன வார்த்தை, அறையில் யார் யார் என்பதைக் கைப்பேசியில் எழுதி வையுங்கள், ஆறும்வரை காத்திருக்காதீர்கள்.

நவம்பரில் எனக்கு இரண்டாவது இன்டர்வியூ. வேறு நிறுவனம், ஒரு பெண்மணி தனியாக. கைப்பேசி எல்லாம் இல்லை, ஆனால் அவர்தான் அதிகக் கஷ்டம் கொடுத்தார். எந்தப் பதிலையும் முடிக்க விடவில்லை. பாண்டு கேள்வி வந்தது, கணக்கோடு சொன்னேன். “தப்பு” என்றார். வயிற்றில் ஏதோ புரண்டது. ஆகஸ்டாக இருந்தால் ஒன்று குழைந்திருப்பேன் அல்லது சீறியிருப்பேன். கொஞ்சம் தண்ணீர் குடித்தேன். அது ஐந்து விநாடி வாங்கிக் கொடுத்தது. “எந்தப் படியில் தப்பு என்று சொல்லுங்கள் மேடம், திரும்பப் போட்டுக் காட்டுகிறேன்” என்றேன். காகிதத்தை நகர்த்தினார். அதே கணக்கை அதே மாதிரி போட்டேன், அதே 1,009.70. “உறுதியா?” “உறுதி, மேடம்.” அடுத்த கேள்விக்குப் போனார். அடுத்த கேள்வி டியூரேஷன் பற்றி. வட்டி ஒரு விழுக்காடு மாறினால் பாண்டின் விலை எவ்வளவு அசையும் என்பதை அளக்கும் கணக்கு அது. அன்று எனக்குத் தெரியாது. தெரியவில்லை என்றேன், நீண்ட காலப் பாண்டு அதிகமாக அசையும் என்பதுவரை தெரியும், அளக்கும் முறை தெரியாது என்றேன்.

நடுவில் ஒரு முறை, “உங்கள் ஆட்கள் பெரும்பாலும் டாக்டர், லாயர் என்றுதானே போவார்கள்?” என்று கேட்டார். கெட்ட எண்ணத்தோடு கேட்டாரா என்று தெரியவில்லை. நான் அன்று மஸ்ஜித் ஜமேக்கில் இறங்கி லெபோ அம்பாங் வழியாகத்தான் நடந்து வந்தேன். நகரத்தார் கிட்டங்கிகள் இருந்த வீதி. ஒரே கூடத்தில் பல கடைக்காரர்கள் ஆளுக்கொரு பெட்டியும் கணக்குப் புத்தகமுமாக உட்கார்ந்து, சுரங்கத்துக்கும் தோட்டத்துக்கும் கடன் கொடுத்த இடம். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, திட்டு வாங்கி, அடுத்தாளாகி, பிறகு மேலாளாக உயர்ந்தவர்கள் அந்தக் கூடங்களில் இருந்தார்கள். நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. “நான் இதற்குத்தான் வந்திருக்கிறேன், மேடம்” என்றதோடு விட்டேன். சொல்லியிருக்கலாமோ என்று இன்னும் தோன்றுகிறது.

வேலை கிடைக்கவில்லை. பத்து நாள் கழித்து மின்னஞ்சல் வந்தது. வழக்கமான இரண்டு வரிக்குக் கீழே இன்னும் ஒரு வரி இருந்தது: டியூரேஷன் படித்துவிட்டு அடுத்த சேர்க்கைக்கு மனுச் செய்யவும். படித்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு வகுப்பில் மாதிரி இன்டர்வியூ வைக்கிறோம். உங்கள் ரெசுமே இரண்டு நகல் எடுத்து வாருங்கள். நிதித்துறைக்குப் போகிறவர்கள் அன்றைய ஓ.பி.ஆர்., ரிங்கிட் மதிப்பு, பங்குச் சந்தைக் குறியீடு மூன்றையும் பார்த்துவிட்டு வாருங்கள். கேள்வி கேட்கப்போவது மூன்று பேர். இரண்டு பேர் வங்கியில் வேலை செய்யும் நம் பழைய உறுப்பினர்கள். மூன்றாவது ஆள் சேலைக்கடை அண்ணன். பாண்டு கீண்டு எல்லாம் எனக்குத் தெரியாதுப்பா என்று மறுத்தார். உங்களுக்குத் தெரிய வேண்டாம்ணே, இருபது வருஷமா வாங்கின திட்டையெல்லாம் எங்களுக்கு ஒரு தடவை திருப்பிக் கொடுங்க, போதும் என்று சம்மதிக்க வைத்திருக்கிறேன். கடை மூடி வர மூன்று மணி ஆகும். பசியாறிவிட்டு வாருங்கள்.